ஐந்து பாட்டிலும் ஒரே ஊற்று

"எங்க அஞ்சு பேரையும் நோயாளி ஆக்கிட்டியேடா பாவி!" என்று சக டிரைவர் மொட்டை கத்தியபோது பன்னீர் லாரியின் ஏணியில் பாதி ஏறியிருந்தான். கையில் தண்ணீர்க் குழாய். டிரம்மைக் கழுவுவதற்காகத் திறந்துவிட்டிருந்தது. அதை அப்படியே மொட்டையின் தலைக்குத் திருப்பிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தான். திருப்பியிருந்தாலும் தப்பில்லை. இத்தனை வருடம் ஓசியில் வாங்கிப் போனவன், இன்றைக்குச் சரக்கு சரியில்லை என்று கடைக்காரன் சட்டையைப் பிடிக்க வந்தால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது?

சரக்கு இன்னதென்று சொன்னால்தான் அந்த ஆத்திரம் புரியும். சரக்கு, பன்னீரின் மூத்திரம்.

பன்னீர் என்பது அவனைப் பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. கான்கிரீட் கலவை லாரி ஓட்டுகிறவர்கள் தங்களுக்குள் வைத்த பெயர். பள்ளிக்கூடம் ஒத்துவராமல் லாரியில் கிளீனராக ஏறி, ஸ்டியரிங் பிடித்து, மணல் லாரி, தண்ணீர் லாரி என்று சுற்றிவிட்டுக் கடைசியில் கான்கிரீட் கலவை தயாரிக்கிற இந்த பிளாண்டுக்கு வந்து சேர்ந்தவன். பின்னால் பெரிய டிரம் சுழலும் லாரி. அதன் வேலை வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவன் கண் கடிகாரத்திலேயே இருக்கும். பிளாண்டில் கலவை விழுந்த நிமிடத்திலிருந்து அது இறுகப் பார்க்கிறது. போக்குவரத்து நெரிசல், வழி மறித்த ஊர்வலம், பள்ளம் தோண்டிப் போட்ட ரோடு எதுவும் அதற்குத் தெரியாது. இறுகிவிட்டால் டிரம்முக்குள் ஆள் இறங்கி உடைக்க வேண்டும். இறங்குகிறவன் அந்த டிரைவர்தான். வசவு வாங்குகிறவனும் அவன்தான்.

அதனால் கலவையை ஏற்றிக்கொண்டு கிளம்பினால் யாரும் எதற்கும் நிறுத்துவதில்லை. ஒண்ணுக்குப் போகக்கூட. அடக்குவது கஷ்டம் என்று மற்றவர்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள். பன்னீர் மட்டும் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கேன் வைத்துக் குடித்துக்கொண்டே இருப்பான். குடி கிடையாது, புகை கிடையாது, புகையிலை கிடையாது. பிளாண்டிலேயே பல் வெள்ளையாக இருந்தது அவனுக்கு ஒருவனுக்குத்தான்.

இடுப்பு வலி மட்டும் உண்டு. அந்த சீட்டில் உட்கார்ந்தால் யாருக்கும் வரும். மருந்துக்கடையில் போய், "அந்த இடுப்பு மாத்திரை குடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் நிமிர்ந்தே பார்க்காமல் அட்டையைக் கிழித்துக் கொடுப்பார். காலையில் ஒன்று, வேலை முடிந்தால் ஒன்று, ரோடு மோசமென்றால் நடுவில் இன்னொன்று. வருடக்கணக்காக. அந்த மாத்திரையைக் கெட்ட பழக்கங்களின் வரிசையில் வைத்துப் பார்க்க அவனுக்குத் தோன்றியதே இல்லை. வலி போகிறது, வேலை நடக்கிறது. அதில் கெட்டது என்ன இருக்கிறது?

கம்பெனி வருடத்துக்கு ஒருமுறை மெடிக்கல் என்று ஒன்று வைக்கும். கண்ணைப் பார்ப்பார்கள், பிரஷர் பார்ப்பார்கள், ஒரு பாட்டிலைக் கையில் கொடுப்பார்கள். ரத்தம் எடுக்க மாட்டார்கள். அதற்குச் செலவு ஆகுமாம். பல மாடிக் கட்டடத்துக்குக் கலவை விற்கிற கம்பெனிக்கு டிரைவர் கையில் ஓர் ஊசி குத்துவது கட்டுப்படியாகவில்லை. போகட்டும். ஒரு வருடம் ஒருத்தனுடைய பாட்டிலில் சர்க்கரை இருந்தது. "வைத்தியம் பார்த்துக்கொண்டு வா" என்று சொன்னார்களா? இல்லை. மறுநாளே சாவியைப் பிடுங்கிக்கொண்டு துடைப்பத்தைக் கொடுத்தார்கள். லாரிகளைக் கழுவுகிற குழியில் வண்டலைக் கூட்டித் தள்ளுகிற வேலை. அவன் அவமானம் தாங்காமல் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான்.

அடுத்த வருட மெடிக்கல் அன்று பெரியவர் வந்தார். பிளாண்டிலேயே மூத்த டிரைவர் அவர்தான். ஜல்லிக் குவியலுக்குப் பின்னாலிருந்த கழிப்பறை வாசலில் நின்றுகொண்டு காலிப் பாட்டிலை நீட்டினார்.

"தம்பி, உனக்குக் கோடி புண்ணியமாப் போகும். இதுல கொஞ்சம்…"

"என்னண்ணே, கோயில் தீர்த்தம் கேக்குற மாதிரி கேக்குறீங்க?"

"எனக்குச் சர்க்கரை இருக்குடா. வெளிய தெரிஞ்சா தொடப்பம்தான்."

பன்னீர் சிரித்தபடி நிரப்பிக் கொடுத்தான். அவ்வளவுதான், வழி தெரிந்துவிட்டது. அதற்கடுத்த வருடம் மொட்டை வந்தான். அவனுக்கு முந்தின நாள் குடித்தது தெரிந்துவிடுமோ என்ற பயம். பிறகு இன்னும் மூன்று பேர். அவர்களுக்கு என்ன பயம் என்று அவர்களுக்கே தெரியாது. ஊரோடு ஒத்து வந்தார்கள். மெடிக்கல் நாள் என்றால் பன்னீருக்குத் தனி மரியாதை. ஒருவன் சோடா வாங்கி வருவான், ஒருவன் இளநீர் வெட்டித் தருவான். "குடிடா மாப்ளே, நல்லாக் குடி. நீ குடிச்சாத்தான் நாங்க பொழைப்போம்" என்று மொட்டை விசிறாத குறை. அப்படி ஒரு வருடம்தான் அவன் பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது மூத்திரமாடா? பன்னீருடா!" என்று சொன்னான். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

இந்த வருடம் என்ன ஆயிற்று என்றால், ஐந்து பாட்டிலை நிரப்பி முடித்தபோது பன்னீருக்குத் தன் பாட்டிலுக்குச் சொட்டு மிச்சமில்லை. கம்பெனி டாக்டரம்மா உள்ளே பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். கேட்டில் வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார். அவர் வேறு காண்டிராக்ட் ஆள், அவருக்கு மெடிக்கல் கிடையாது. பாட்டிலை அவரிடம் நீட்டினான். "இதென்னய்யா கொடுமை" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் எழுந்துபோய் நிரப்பிக் கொடுத்தார்.

அந்த ஐந்து பாட்டிலிலும் நுரை நின்றது. மொட்டைகூடப் பார்த்துவிட்டு, "என்னடா, பீரு மாதிரி இருக்கு? எனக்கு இதுதான் பொருத்தம்" என்றான். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த பிளாண்டில் நுரை என்பது தினம் பார்க்கிற சங்கதி. கலவை சீக்கிரம் இறுகாமல் இருக்க ஒரு கெமிக்கல் ஊற்றுவார்கள், அது கொஞ்சம் கூடிவிட்டால் டிரம் கழுவும்போது முழங்கால் உயரத்துக்கு நுரை எழும்பும். "நுரையா? கெமிக்கல் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பன்னீரும் அப்படித்தான் நினைத்தான். கழிப்பறையில் சோப்புத் தூள் போட்டிருப்பார்கள், அது பாட்டிலில் பட்டிருக்கும் என்று. வீட்டிலும் கொஞ்ச நாளாக நுரைதான். அதற்கும் மனைவி வாங்கி ஊற்றுகிற கழிப்பறை மருந்தைத்தான் குற்றம் சொல்லியிருந்தான்.

ரிசல்ட் வந்தது. ஐந்து பேருக்கும் புரதம் போகிறது, காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீரைக் கொண்டுவாருங்கள், மறுபடி பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். பன்னீரைக் கூப்பிடவில்லை. அவனுடைய பாட்டில் சுத்தம். வாட்ச்மேன் நல்ல ஆரோக்கியம்.

இந்த இடத்திலாவது ஐந்து பேரில் ஒருவன் யோசித்திருக்க வேண்டாமா? ஒருவனும் யோசிக்கவில்லை. ரிசல்ட்டில் ஏதோ குளறுபடி, இன்னொரு தடவை கொடுத்தால் சரியாகிவிடும் என்று பழைய இடத்துக்கே வந்தார்கள். பன்னீரும் யோசிக்கவில்லை. விடியலில் எழுந்து பெரிய தண்ணீர் பாட்டிலில் பிடித்துக் கொண்டுவந்து பங்கு போட்டான். அதிலும் புரதம். அதே அளவு. ஐந்து பேருக்கும் கடுகளவு வித்தியாசம் இல்லை. ஒரே இடத்தில் வேலை செய்கிற ஐந்து பேருக்கு ஒரே மாதிரி என்றால் தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது என்று டாக்டரம்மா பயந்துபோய் பிளாண்ட் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினார். ஐந்து பேருக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரம் ரத்தம் எடுக்க வேண்டும், கம்பெனியிடம் சண்டை போட்டு அனுமதி வாங்கிவிட்டேன் என்றார்.

அதைக் கேட்டுவிட்டு வந்துதான் மொட்டை ஏணிக்குக் கீழே நின்று கத்தினான்.

"எறங்குடா கீழ! புரதமாம், கிட்னியாம், தெனம் மாத்திரை முழுங்கணுமாம். ஒண்ணுமில்லாத ஒடம்புடா எனக்கு!"

"அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

"உன் சரக்குதானே? இப்ப ரத்தம் எடுக்கப் போறாங்க. மூத்திரத்துக்கு நீ இருக்க. ரத்தத்துக்கு யாருடா இருக்கா? பெரியவர் சர்க்கரை வெளிய வரப்போகுது. நான்… நான் குடிச்சதெல்லாம் வெளிய வரப்போகுது!"

"டேய், நான் உன்னை வாங்கிக்கன்னு கெஞ்சினேனா? வருசா வருசம் பாட்டிலத் தூக்கிட்டு என் பின்னாடி வந்தது யாரு?"

"வந்தோம். நல்லதா இருக்கும்னு நம்பி வந்தோம். இப்படிக் கெட்டுப்போனதைக் குடுப்பேன்னு யார் கண்டா?"

பன்னீர் குழாயைப் போட்டுவிட்டு இறங்கி வந்து மொட்டையின் நெஞ்சைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினான். மற்றவர்கள் வந்து விலக்கினார்கள். பெரியவர் தூரத்தில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கோபத்தை அப்படியே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனான். மனைவி பிஸ்கட் கம்பெனியில் பெட்டி ஒட்டுகிறவள். அப்போதுதான் வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் ஆரம்பித்தான். நன்றி கெட்ட பயல்கள், தின்ற சோற்றை மறந்த பயல்கள் என்று திட்டிக்கொண்டே முழுக் கதையையும் சொன்னான். இத்தனை வருடமாக அவளிடம் சொல்லாத கதை.

அவள் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"இதுக்குத்தான் பன்னீரா? நான் உங்க கொணத்துக்கு வச்ச பேருன்னு நெனச்சு பக்கத்து வீடு பூரா பெருமையாச் சொல்லி வச்சிருக்கேனே!"

"இப்ப அதுவா முக்கியம்? அந்த மொட்டப் பய என்னைப் பாத்து, கெட்டுப்போன சரக்குன்னு சொல்றான்!"

"இருங்க. அந்த அஞ்சு பாட்டில்ல இருந்தது யாரோடது?"

"என்னோடதுதான். அதான் சொல்றேனே."

"அப்ப சீக்கு யாருக்கு?"

பன்னீர் வாய்க்குப் போன கையை இறக்கினான்.

அவனுக்கு அது தோன்றவே இல்லை. கத்தினானே, தள்ளினானே, வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியோட்டி வந்தானே, ஒரு நிமிடம்கூட அது தோன்றவில்லை. மனைவி கீழே உட்கார்ந்து அவனுடைய காலை இழுத்துக் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். எடுத்தாள். குழி அப்படியே நின்றது, ஈரக் கான்கிரீட்டில் விரல் வைத்த மாதிரி.

"உக்காந்தே இருக்கிறதால கொஞ்சம் வீங்கும்" என்றான்.

"வீங்கும். நுரைக்கும் நான் வாங்கின மருந்துதான் காரணம். எல்லாத்துக்கும் ஒரு காரணம் வச்சிருக்கீங்க" என்று அவள் எழுந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போதுதான் அவனுக்கு நிஜமான கோபம் வந்தது. அதுவரை வந்தது வெறும் சூடு. மொட்டை அத்தனை நேரம் கத்தினான். பெரியவர் தலையில் கை வைத்தார். மற்ற மூவரும் சுற்றி நின்றார்கள். இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், அந்தப் பாட்டிலில் இருந்தது யாருடையது என்று. 'அப்ப உனக்கு என்னடா?' என்று கேட்க ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. சரக்கு கெட்டுப்போனது தெரிந்தது. கடைக்காரன் கெட்டுப்போனது ஒருவருக்கும் தெரியவில்லை.

டாக்டரம்மாவிடம் போங்கள் என்றாள் மனைவி. எப்படிப் போவது? கம்பெனி கார்டில்தான் வைத்தியம். அந்த கார்டுக்கு அவர் கையெழுத்து வேண்டும். உன் ரிப்போர்ட் சுத்தமாக இருக்கிறதே, ஏன் வந்தாய் என்று கேட்பார். உண்மையைச் சொன்னால் ஐந்து பேருக்கும் துடைப்பம். சொல்லாவிட்டால் இவனுக்கு மாத்திரை இல்லை.

மறுநாள் காலையில் மொட்டையும் பெரியவரும் அவனைத் தேடி வந்தார்கள். பன்னீர், 'உனக்கு என்னடா?' என்று கேட்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்தான். மொட்டையின் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே ஐந்து பேருக்கும் கொடுத்த மாத்திரை அட்டைகள்.

"நாங்க முழுங்கல. ஒண்ணுமில்லாத ஒடம்புக்கு எதுக்கு? நீயே வச்சுக்க. மருந்து ஒண்ணுதானே, யார் பேருல எழுதினா என்ன?" என்றான் மொட்டை. தானம் செய்கிறவன் குரலில்.

பெரியவர் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, எனக்கு ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான். ரத்தம் எடுக்கிற அன்னிக்கு லீவு போட்டுச் சமாளிச்சிடுவேன். நீ டாக்டரம்மாகிட்ட மட்டும் வாயைத் தொறந்துடாதே. உன் கையைக் காலா நெனச்சுக் கேக்குறேன்."

பெரிய மனிதர் கையைப் பிடித்துக்கொண்டு அப்படிக் கேட்டால் என்ன செய்வது? பையை வாங்கிக்கொண்டான். அன்றைக்கே ஒன்றைப் போட்டுக்கொண்டான். வீட்டில் பையைப் பார்த்ததும் மனைவி, "ஊரான் பேருல எழுதின மாத்திரையா? அளவு யாரு பாத்தா, ரத்தம் யாரு பாத்தா?" என்று பிடித்துக்கொண்டாள். "இது அவங்களுக்கு எழுதினது இல்ல, எனக்கு எழுதினது. பேருதான் மாறிப்போச்சு" என்றான். அதை அவன் நம்பித்தான் சொன்னான்.

தினம் ஒரு மாத்திரை. கூடவே வழக்கமான இடுப்பு மாத்திரையும். நாலைந்து நாள் போனதும் குனிந்து எழுந்தால் கண் இருட்டியது. தூக்கம் போதவில்லை என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தான்.

ஒரு நாள் கட்டட வேலை நடக்கிற இடத்தில் கலவையை இறக்குவதற்கு முன்னால் டிரம்முக்குள் எட்டிப் பார்க்க ஏணியில் ஏறினான். மேல் படியில் கால் வைத்ததும் கம்பி, வானம், கீழே நின்ற மேஸ்திரியின் மஞ்சள் தொப்பி எல்லாம் ஒன்றாகச் சுழன்றன. டிரம்தான் சுழல்கிறது என்று முதலில் நினைத்தான். பிடி நழுவியது. ஒரு கை மட்டும் கம்பியில் மாட்டிக்கொண்டதால் தொங்கினான். பக்கத்தில் டிரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது சட்டைத் துணியைக் கொஞ்சம் இழுத்திருந்தால் ஆள் மிஞ்சியிருக்க மாட்டான்.

"என்னய்யா அங்க தொங்கிட்டு வேடிக்கை? கலவை இறுகுது!" என்று மேஸ்திரி கீழிருந்து கத்தினான்.

அடுத்த லாரியில் காத்திருந்தது மொட்டை. ஓடி வந்து இடுப்பைப் பிடித்து இறக்கி, நிழலில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்தான். பன்னீர் பழக்கதோஷத்தில் சட்டைப் பையிலிருந்து இடுப்பு மாத்திரையை எடுத்து வாயில் போடப் போனான்.

"டேய், அது போடக்கூடாது" என்றான் மொட்டை.

"எது?"

"அந்த வலி மாத்திரை. கிட்னிக்கு அதுதான் எமன்னு டாக்டரம்மா சொன்னாங்களே. இந்த மாத்திரையோட அதைச் சேர்த்தே போடக்கூடாதாம். ஒடம்புல எதோ உப்பு ஏறிடுமாம், ரத்தம் பாத்துக்கிட்டே இருக்கணுமாம். உன்கிட்ட சொல்லணும்னு நெனச்சேன். மறந்துட்டேன்."

மறந்துவிட்டானாம்.

பாட்டிலை நீட்ட மறக்கவில்லை. சோடா வாங்கி வர மறக்கவில்லை. கெட்டுப்போன சரக்கு என்று கத்த மறக்கவில்லை. வாயை மூடிக்கொள் என்று கெஞ்ச மறக்கவில்லை. உயிரைக் காக்கிற ஒரே ஒரு வார்த்தையைத்தான் மறந்திருக்கிறான். பன்னீர் கத்தவில்லை, தள்ளவில்லை. கையிலிருந்த மாத்திரையை மண்ணில் போட்டுத் தேய்த்தான். "என் வண்டியக் கொண்டுபோய்க் காலி பண்ணிட்டு வா" என்று மொட்டையிடம் சொல்லிவிட்டு, ரோட்டில் போன பஸ்ஸைக் கை காட்டி ஏறினான். கலவையை நடுவில் விட்டுவிட்டுப் போனது அவன் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

டாக்டரம்மா பிளாண்டின் முதலுதவி அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். வழியில் வீட்டுக்குப் போய் எடுத்து வந்த பிளாஸ்டிக் பையைப் பன்னீர் மேசையில் கவிழ்த்தான். அட்டைகள் சிதறின.

"இது என்ன? இதெல்லாம் அவங்க அஞ்சு பேருக்குக் குடுத்ததாச்சே?"

"எனக்குக் குடுத்திருக்க வேண்டியது."

"உங்களுக்கா? உங்க ரிப்போர்ட் நல்லா இருந்துச்சே."

"அது வாட்ச்மேனோடது."

டாக்டரம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "அப்ப உங்களோடது எங்க?"

பன்னீருக்குப் பெரியவரின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. வாயைத் திறக்கவில்லை. ஆனால் டாக்டரம்மா மேசையில் கிடந்த அட்டைகளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மறுபடி அட்டைகளைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்துபோயிற்று.

"அஞ்சு பேருக்கும் ஒரே அளவு… அடக் கடவுளே! உங்க பிளாண்ட் தண்ணிய ரெண்டு இடத்துக்கு அனுப்பி டெஸ்ட் பண்ண வச்சேன்யா. நல்ல தண்ணின்னு வந்துச்சு. அப்பவும் நம்பாம மூணாவது இடத்துக்கு அனுப்பினேன்! என்னை என்னன்னு நெனச்சீங்க எல்லாரும்?"

"நீங்க எங்களை என்னன்னு நெனச்சீங்க?" என்று பன்னீரும் குரலை உயர்த்தினான். "வருசம் பூரா ஒண்ணுக்குப் போக வண்டிய நிறுத்த விடமாட்டீங்க. ஒரு நாள் மட்டும் பாட்டில நீட்டி, போ போன்னு சொல்லுவீங்க. அதுல சக்கரை இருந்தா வைத்தியமா பண்றீங்க? தொடப்பத்தைக் குடுக்குறீங்க. அப்புறம் எவன் தன்னோடதைக் குடுப்பான்?"

"தொடப்பம் குடுக்கிறது நானில்ல, மேனேஜர்."

"உங்க கையெழுத்தைப் பாத்துத்தானே குடுக்குறாரு!"

டாக்டரம்மா டப்பாவை மூடி ஓரமாக வைத்தார். பிறகு, "உக்காருங்க. கையை நீட்டுங்க" என்று பிரஷர் பார்த்தார். பார்த்ததும் அவர் கோபம் வேறு பக்கம் திரும்பியது. "இவ்வளவு எறங்கிக் கிடக்கு, இதோட ஏணில ஏறினீங்களா? வலி மாத்திரை எத்தனை வருசமா?" பன்னீர் சொன்னான். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"மணல் சலிக்கிற சல்லடை பாத்திருக்கீங்கல்ல. கிட்னியும் அப்படித்தான். கழிவை வெளிய விட்டுட்டு வேணும்ங்கிறதைப் பிடிச்சு வைக்கும். சல்லடை பழுதானா புரதம் ஒழுகிடும். அந்த நுரை அதுதான். இந்த மாத்திரை சல்லடை மேல இருக்கிற அழுத்தத்தைக் கொறைக்கும், ஒழுகல் கொறையும். மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்தலாம். ஆனா ஆளைப் பாத்து, ரத்தத்தைப் பாத்து, அளந்து குடுக்கணும். அடுத்தவன் சட்டைய மாட்டிக்கிற மாதிரி மாட்டிக்க முடியாது."

"சரி. இப்ப என் பேருல எழுதிக் குடுங்க."

"இன்னிக்கு முடியாது. மொதல்ல பிரஷர் ஏறணும். உங்க சிறுநீர் வேணும், ரத்தம் வேணும். அதைப் பாத்துட்டுத்தான்."

பன்னீர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "நல்லா இருக்குங்க நியாயம்! நோய் இல்லாத அஞ்சு பேருக்கு ஒடனே எழுதினீங்க. நோய்க்காரன் வந்து நின்னா நாளைக்கு வாங்கன்னு சொல்றீங்க!"

டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டார். "அதுக்குத்தான் இப்ப வெக்கப்படுறேன். ரத்தம் பாக்காம எழுதியிருக்கக் கூடாது" என்றார். பிறகு அலமாரியைத் திறந்து ஒரு காலிப் பாட்டிலை எடுத்து நீட்டினார். "இதை வேற யாருக்கும் குடுத்துடாதீங்க."

சேதி மேனேஜருக்குப் போகாமல் இருக்குமா? போயிற்று. ஆறு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக அவர் குதித்தார். டாக்டரம்மா, சிகிச்சையில் இருக்கிறவன் வண்டி ஓட்டலாம், ஒளித்து வைத்திருக்கிறவன்தான் ஆபத்து என்று சண்டை போட்டார். கடைசியில் ஆறு லாரிக்கு ஒரே நாளில் டிரைவர் கிடைக்காது என்பது மேனேஜருக்கு உறைத்தது. அதனால்தான் மன்னிப்பு. கருணை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

ஆனாலும் உடம்பு நிதானத்துக்கு வரும்வரை பன்னீருக்கும், சர்க்கரை இறங்கும்வரை பெரியவருக்கும் துடைப்பம்தான். கழுவும் குழியில் ஆளுக்கு ஒரு பக்கம் நின்று வண்டலைத் தள்ளினார்கள். பெரியவர் முதல் சில நாட்கள் முகம் கொடுக்கவில்லை. பிறகு ஒரு மத்தியானம், "மாத்திரை போட்டதுல ராத்திரி நாலு தடவை எந்திரிக்கிறது நின்னுடுச்சுடா" என்று வண்டலைப் பார்த்தே சொன்னார். "சந்தோஷம்" என்றான் பன்னீர். அவன் குரலில் சந்தோஷம் இல்லை. இதற்காகவா இத்தனை வருடம் ஒளித்தார் என்று அவனுக்கு எரிச்சல்தான் வந்தது.

பன்னீருக்கு மாத்திரை அவன் பெயரிலேயே வந்தது, குறைந்த அளவில். இடுப்பு வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தான். மனைவி தினமும் கணுக்காலை அழுத்திப் பார்த்தாள். பக்கத்து வீடுகளில் அவள் பன்னீர் என்ற பெயரைப் பேசுவதை நிறுத்திவிட்டாள். புரதம் குறைகிறது என்று டாக்டரம்மா சொன்னார். நின்றுவிட்டது என்று சொல்லவில்லை. சாவி திரும்பக் கைக்கு வந்தது.

மொட்டை அதுவரை அவனிடம் பேசவில்லை. பன்னீர் தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டான் என்று கோபமாம். சாவி கிடைத்த அன்று ஜல்லிக் குவியலுக்குப் பின்னால், பன்னீர் சுவரைப் பார்த்து நின்றபோது பக்கத்தில் வந்து நின்றான். கொஞ்ச நேரம் இருவரும் அவரவர் வேலையைப் பார்த்தார்கள். மொட்டை தொண்டையைக் கனைத்தான். ஓரக்கண்ணால் கீழே பார்த்தான்.

"நுரை… இப்ப எப்படிடா இருக்கு?"

பன்னீர் பேன்ட் பொத்தானைப் போட்டுக்கொண்டு திரும்பினான். மொட்டையின் வழுக்கையைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தான்.

"இதைக் கேக்க இத்தனை நாள் ஆச்சாடா உனக்கு?"

"ஆச்சு" என்றான் மொட்டை.

"கொறைஞ்சிருக்கு."

மொட்டை தலையை ஆட்டினான். பன்னீர் நாலு எட்டு நடந்துவிட்டு, நின்று, திரும்பிப் பார்க்காமலே சொன்னான்:

"அடுத்த மெடிக்கலுக்கு நீ தண்ணி குடிச்சுட்டு வா. நான் ஒருத்தனுக்கும் சொட்டுத் தரமாட்டேன்."